வீட்டுக்குள் அணிந்த செருப்பு

மூளையைப் பற்றியும் முதுமையைப் பற்றியும் நான் படிக்கத் தொடங்கியது பணி ஓய்வு பெற்ற பிறகுதான். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பெங்களூரில் ஓர் அரசுத் தொழிற்சாலையின் கடைசல் பிரிவில் வேலை பார்த்தேன். ஆங்கிலத்தைத் தொழிற்சாலையின் அறிவிப்புப் பலகையிலிருந்தும், அட்டை கிழிந்த ஒரு பழைய அகராதியிலிருந்தும் கற்றுக்கொண்டேன். ஓய்வு பெற்ற அடுத்த வாரம் ஒரு காலை வேளையில் எழுந்து, பல் துலக்கி, ஆணியில் தொங்காத காக்கிச் சட்டையை என் கை தானாகத் தேடிற்று. வேலை முடிந்துவிட்டது என்று மனம் அறிந்திருந்தது, கை அறிந்திருக்கவில்லை. இது எவ்வாறு என்று அறியும் ஆவல் அன்று பிறந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீராமபுரத்திலிருந்து பேருந்து ஏறி அவென்யூ சாலைக்குச் செல்வேன். அங்கே நடைபாதையில் பழைய நூல்களைப் பரப்பி வைத்திருக்கும் வணிகர் ஒருவர் என் தேவையை விரைவிலேயே புரிந்துகொண்டார். தொலைவில் என்னைக் கண்டதுமே, "வாங்க பெருசு, மண்டை புக்கு ரெண்டு வந்திருக்கு" என்பார். மனிதன் எப்படி நினைக்கிறான், எப்படி மறக்கிறான், எந்த நாட்டில் முதியோரை எப்படி நடத்துகிறார்கள் என்றெல்லாம் பொதுமக்களுக்காக எழுதப்பட்ட ஆங்கில நூல்கள் அவை. ஒரு பக்கத்தை நான் கடப்பதற்குள் துணைவியார் சமையலை முடித்துவிடுவார். அகராதி மடியிலும் நூல் மேசையிலுமாக நான் அமர்ந்திருக்கும் கோலத்தைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வரும்.

"அதுல இன்னிக்கி என்ன போட்டிருக்கான்?"

"வயசானவங்க புதுசா எதையாவது கத்துக்கிட்டே இருக்கணும்னு போட்டிருக்கும்மா."

"எழுதினவனுக்கு என்ன வயசாம்?"

பின்னட்டையிலிருந்த படத்தைக் காட்டினேன்.

"தலை முடி ஒண்ணுகூட நரைக்கலையே. கிழத்தனத்தப் பத்தி இவன் எந்தக் கிழவிகிட்ட கேட்டான்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் படித்ததை அவரிடம் சொல்வதும், அவர் அதை எள்ளுவதும் எங்கள் மாலை வேளைகளின் வழக்கமாயிற்று. அவருடைய எள்ளலைக் கேட்பதற்காகவே சில பக்கங்களை நான் படித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

இனி எழுதப்போவது விளங்க வேண்டுமானால், சில ஆண்டுகள் பின்னே செல்ல வேண்டும்.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டின் முடிவில், காவிரி நீரை முன்னிட்டு இந்நகரில் தமிழர்கள் அஞ்சி வாழ்ந்த நாட்கள் வந்தன. அவற்றை விவரிப்பது என் நோக்கமன்று. எதிர்வீட்டுக் கன்னட அம்மையார் எங்களைத் தம் வீட்டு உள்ளறையில் அமர வைத்து, தாம் வாசலில் முறத்தோடு அமர்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார் என்பதை மட்டும் நன்றியோடு குறிப்பிடுகிறேன். ஊரடங்கு தளர்ந்து, மகன் கல்லூரிக்குக் கிளம்பிய முதல் காலையில், என் துணைவியார் வாசற்படியில் அவனை மறித்து நிறுத்தினார்.

"செருப்பு போட்டா கன்னடம். கழட்டினா தமிழ். புரிஞ்சுதா?"

"ஷூ போட்டா?" என்றான் மகன்.

"இங்கிலீஷ் பேசு. யாரு வேணாங்கறா. எந்த ஊருன்னு எவனாவது கேட்டா என்ன சொல்லுவ?"

"கிருஷ்ணகிரி பக்கம்..."

முடிப்பதற்குள் அவன் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. "இதே ஊருன்னு சொல்லு. பொறந்தது இதே ஊரு, வளர்ந்தது இதே ஊரு, வீட்டுல பேசறது கன்னடம். திருப்பிச் சொல்லு."

அவன் திருப்பிச் சொன்னான். அடுத்து என் முறை. நானும் சொன்னேன்.

கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து மணமாகி வந்து, தெருக்குழாயடியில் குடத்தோடு நின்று கன்னடம் கற்றவர் அவர். என்னைவிட அவருடைய கன்னடம் சுத்தமாக இருக்கும். அந்த விதியை அவரே வகுத்தார், அவரே காத்தார். காலணி அணிந்த நொடியில் எங்கள் வீட்டில் மொழி மாறும். அச்சம் சில மாதங்களில் அகன்றது. தெருவில் பழையபடி தமிழும் கேட்கத் தொடங்கிற்று. ஆனால் எங்கள் வீட்டில் அந்த விதி நிலைத்துவிட்டது. சில நாட்கள் மகன் ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு நின்று, "அம்மா, இப்ப எந்த பாஷை?" என்று கேலி செய்வான். "வாய மூடிட்டு போ" என்று அவர் சொல்வது தமிழில் இருக்கும்; அவர் அப்போது வெறுங்காலோடு நிற்பார். பிறகு கேலியும் நின்றது. மூச்சு விடுவதைப் போல அது நடந்துகொண்டிருந்தது. எப்போதும் நடப்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நானும் அவ்விதி ஒன்று இருந்ததையே மறந்து போனேன்.

மகன் படித்து முடித்து ஒரு கணினி நிறுவனத்தில் சேர்ந்து, மணமும் முடித்து, வைட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கலானான். நாங்கள் இருவரும் ஸ்ரீராமபுரத்துச் சிவப்புத் தரை வீட்டிலேயே இருந்தோம். புத்தாயிரம் பிறந்ததை ஒட்டி, துணைவியாரின் நினைவில் ஓட்டைகள் விழத் தொடங்கின. அடுப்பில் வைத்த பால் தீயும். மல்லேஸ்வரம் சந்தைக்குப் போனால் ஏதோ ஒன்றை வாங்குவார். மறுநாளும் அதையே வாங்கி வருவார். ஒருநாள் மாலை, "ஊருலேர்ந்து அம்மா வர்றேன்னாங்களே, பஸ்ஸு வந்துடுச்சா?" என்று கேட்டார். அவருடைய தாயார் காலமாகி நெடுங்காலம் ஆகியிருந்தது. என் மேசையில் இருந்த நூல்கள் அன்றுமுதல் எனக்குப் பொழுதுபோக்காக இல்லை. எங்கேனும் ஒரு வரியில் எனக்கான செய்தி இருக்கும் என்று தேடலானேன்.

அதே சமயத்தில் சர்க்கரை நோயும் அவர் காலைத் தொட்டது. ஒருநாள் சிவப்புத் தரையில் ஆங்காங்கே கரும்புள்ளிகள் தெரிந்தன. குனிந்து பார்த்தபோதுதான் அது குருதி என்று புரிந்தது. அவர் குதிகாலில் ஒரு குண்டூசி தைத்திருந்தது. அதோடு காலை முழுவதும் நடமாடியிருக்கிறார். வலியே தெரியவில்லை என்றார். சர்க்கரை மருத்துவர் காலைப் பரிசோதித்துவிட்டு, உணர்ச்சி குறைந்துவிட்டது என்றும், மெத்தென்ற அடியுடைய தனிவகைச் செருப்பை வீட்டுக்குள்ளும் அணிய வேண்டும் என்றும், வெறுங்காலோடு ஓர் அடிகூட வைக்கக் கூடாது என்றும் உறுதியாகச் சொல்லிவிட்டார்.

"சாமி இருக்கற வீட்டுல செருப்போட நடக்கறதா?" என்று என் துணைவியார் முரண்டு பிடித்தார்.

"கால் போனா சாமி வந்து தூக்கிட்டு நடக்குமாம்மா?" என்றார் மருத்துவர்.

அரை மனதோடு இணங்கினார். சாமி அலமாரியின் முன் மட்டும் கழற்றிவிடுவார், படுக்கும்போதும் கழற்றுவார்; கழற்றிய கையோடு உறங்கிப்போவார். மற்ற வேளைகளில் நீல நிற அடிகொண்ட அந்தச் செருப்பு, தரையில் மெல்ல உரசும் ஒலியோடு, சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையே போய்வந்தது.

சில நாட்கள் கழித்து நான் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, என் அருகே தாழ்ந்த குரலில், "ரீ, காபி தகொள்ளி" என்று கேட்டது. கன்னடப் பெண்கள் கணவரை 'ரீ' என்று அழைப்பது வழக்கம். எதிர்வீட்டு அம்மையார் தம் கணவரை அழைக்கிறார் போலும் என்று எண்ணித் தலை நிமிர்ந்தேன். காபித் தம்ளரோடு நின்றது என் துணைவியார்.

"என்னம்மா, கன்னடத்துல கூப்பிடற?"

அவர் புருவத்தைச் சுருக்கி, திறந்திருந்த சன்னலைப் பார்த்தார். பிறகு உதட்டில் விரல் வைத்து, "மெல்லகெ" என்றார். மெதுவாகப் பேசு என்று பொருள்.

அன்றிலிருந்து அது வளர்ந்தது. சமையலறையில் கன்னடம், கூடத்தில் கன்னடம். நான் தமிழில் பேசினால் முகம் வாடினார். மீண்டும் பேசினால் அறையைவிட்டே போய்விட்டார். வாழ்நாள் முழுதும் 'ஏங்க' என்ற ஒரே சொல்லால் என்னை அழைத்தவர் அவர். அந்தச் சொல்லில் கோபத்துக்கு ஒரு நீளமும், கரிசனத்துக்கு ஒரு நீளமும், அரிசி தீர்ந்துபோனதற்கு ஒரு நீளமும் உண்டு. அவரைத் தவிர என்னை அவ்வாறு அழைக்க உலகில் எவருமில்லை. பெயர்களும் நாட்களும் அவர் நினைவிலிருந்து போகட்டும், அவற்றை நான் சொல்லிக்கொள்வேன். நாங்கள் பேசிக்கொள்ளும் மொழியே போய்விட்டால் அவரை நான் எங்கே சென்று காண்பேன்? எனக்கிருந்த அச்சம் இது ஒன்றே.

நூல்களைத் திறந்தேன். அவற்றுள் ஒன்றில் மொழியைப் பற்றி ஓர் அத்தியாயம் இருந்தது. முதுமையில் மறதி வரும்போது பின்னால் கற்ற மொழி முதலில் உதிரும் என்றும், தாய்மொழி கடைசிவரை தங்கும் என்றும் பொருள்பட அதன் ஆசிரியர் எழுதியிருந்தார். நான் ஒரு சொல்லையும் பிழையாகக் கொண்டுவிடக் கூடாது என்று, தெரிந்த சொற்களுக்கும் அகராதி பார்த்தேன். பொருள் மாறவில்லை. கடைசியில் போக வேண்டியது முதலில் போய்விட்டதென்றால், நோய் கூரையைத் தொடாமல் நேரே அடித்தளத்துக்கே சென்றுவிட்டது என்றல்லவா ஆகிறது?

ஒன்றை மட்டும் கவனித்தேன். சாமி அலமாரியின் முன் நிற்கும்போது அவர் தமிழில் வேண்டிக்கொண்டார். "முருகா, எம்புள்ளைய நல்லா வையி. இந்த மனுசனுக்கு கண்ணு கெட்டுடப் போவுது, பார்த்துக்கோ" என்று தெளிவாகச் சொல்வதைக் கூடத்திலிருந்து கேட்டேன். இன்னொரு நூலில், சமயச் சடங்குகள் நினைவின் ஆழத்தில் பதிந்திருக்கும் என்ற கருத்தைப் படித்திருந்தேன். இரண்டையும் இணைத்து ஒரு முடிவுக்கு வந்தேன்: பக்திக்கென்று மூளையில் ஒரு தனி அறை உண்டு, அந்த அறையில் மட்டும் தமிழ் இன்னும் விளக்கேற்றி வைத்திருக்கிறது. இம்முடிவு எனக்கு ஒருவகை ஆறுதலைத் தந்தது. சனிக்கிழமை வந்த மகனிடம் இதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான்.

"புக்கெல்லாம் சரிப்பா. ஒரு டாக்டரப் பார்த்துடலாம்" என்றான்.

நினைவுக் கோளாறுகளைப் பார்க்கும் மருத்துவர் ஓர் இளம் பெண்மணி, கனிவானவர். தமிழும் அவருக்குத் தெரியும். ஆனால் என் துணைவியார் உள்ளே நுழையும்போதே கன்னடத்தில் வணக்கம் சொன்னதால், அவரும் கன்னடத்திலேயே ஊரைக் கேட்டார்.

"நிம்ம ஊரு யாவுது அம்மா?"

"இதே ஊரு."

"ஹுட்டித்து?" பிறந்தது எங்கே என்று கேட்டார்.

"இதே ஊரு."

வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்ற கேள்விக்குச் சற்றும் தயங்காமல், "கன்னட" என்றார்.

மகனுக்குத் தாங்கவில்லை. "அம்மா, நீ கிருஷ்ணகிரிப் பக்கம்மா. தமிழ்தானே நாம..."

"ஆ" என்று நிறுத்தினான். மேசைக்குக் கீழே அவன் தொடையை அவர் கிள்ளியிருந்தார். நரைக்கத் தொடங்கிய மகனைச் சிறுவனைப்போலக் கிள்ளுமளவுக்குத் தாயின் நிலை ஆகிவிட்டதே என்று நான் தலைகுனிந்தேன். மருத்துவரும் அதைக் கண்டு, பேனாவை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார்.

கிழமையும் மாதமும் கேட்டபோது அவருக்குத் தெரியவில்லை. சற்று முன் காட்டிய பொருள்களையும் நினைவுகூர முடியவில்லை. பிறந்த ஊரும் தாய்மொழியுமே மறந்துவிட்டதால், நாம் எண்ணியதைவிட நோய் முற்றியிருக்கலாம் என்று மருத்துவர் எங்களைத் தனியே அழைத்துச் சொன்னார்.

வரும் வழியில் மகன் முடிவு செய்துவிட்டான். வீட்டைக் காலி செய்துவிட்டு இருவரும் வைட்ஃபீல்டுக்கு வந்துவிட வேண்டும். பகலில் தாயைக் கவனிக்க ஒரு பெண்ணை அமர்த்துவான். "கன்னடப் பொம்பளைதான்ப்பா கிடைப்பாங்க. அம்மாவுக்கும் இப்ப அதான் சௌகரியம்" என்றான். அவன் அன்போடுதான் சொன்னான். துணைவியார் எனக்குச் சொல்லக்கூடியவற்றை இனி வேறொரு பெண்மணி கேட்டுக்கொள்வார். நான் அகராதியோடு மற்றோர் அறையில் அமர்ந்திருப்பேன். அடுத்த மாதம் போகலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

இடம் மாறுமுன் அக்காவைப் பார்த்துவிடலாமென்று, அத்திபெலேயிலிருந்து துணைவியாரின் தங்கை வந்தார். அங்கே எல்லைக்கருகில் பூக்கடை வைத்திருப்பவர். குரல் தெருக்கோடியிலேயே கேட்கும். உள்ளே வந்ததும் அவர் கண் நேரே அக்காவின் காலுக்குத்தான் போயிற்று.

"இன்னாக்கா இது, நடுவூட்டுல செருப்போட நிக்கற? ஆத்தா இருந்திருந்தா வெளக்குமாத்த எடுத்திருப்பா."

"பா, குத்கோ" என்று கன்னடத்தில் உட்காரச் சொன்னார் அக்கா.

"அய்ய, என்கிட்டயே கன்னடமா? நான் என்ன ஓட்டு கேக்கவா வந்திருக்கேன்?" என்றவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்னா மாமா, அக்கா தலைய பாரு, எண்ணெ பார்த்து எத்தினி நாளாச்சோ. புஸ்தகத்துல எண்ணெ வெக்க சொல்லி போடலியா?" என்று கேட்டார். அக்காவைச் சமையலறைத் தரையில் அமர்த்தி, செருப்பைக் கழற்றிச் சுவரோரம் தள்ளி, தலையை மடியில் சாய்த்துக்கொண்டார்.

நான் கூடத்துக்கு வந்து அமர்ந்தேன். சற்று நேரத்தில், "அவ்ளோ ஊத்தாத, கழுத்துல வழியுது. சின்ன வயசுலயும் உனக்கு அளவே தெரியாது" என்று கேட்டது. தங்கையின் குரலன்று அது. எழுந்து சமையலறைக் கதவருகே சென்று நின்றேன். உள்ளே நுழைந்தால் கலைந்துவிடுமோ என்ற பயத்தால் நிலைப்படியைப் பற்றிக்கொண்டே நின்றேன். கிணற்றில் விழுந்த ஆட்டுக்குட்டியைப் பற்றியும், அதை எடுக்கப்போய்த் தானும் விழுந்த ஒரு சித்தப்பாவைப் பற்றியும் இருவரும் பேசிச் சிரித்தார்கள். சித்தப்பாவின் பெயரைத் தங்கை தவறாகச் சொல்ல, அக்கா திருத்தினார்.

இளமையின் துணை கிடைத்தால் இளமையின் மொழி திரும்பும் என்று என் மனம் உடனே ஒரு விளக்கத்தைப் புனைந்துகொண்டது. படித்த பழக்கம் அப்படி.

மாலைப் பேருந்துக்குத் தங்கை கிளம்பினார். துணைவியார் எழுந்தார், கால் தானாகச் சுவரோரம் போய்ச் செருப்பைத் தேடி நுழைந்துகொண்டது. வாசல்வரை சென்று வழியனுப்பிவிட்டுத் திரும்பியவர், கதவைச் சாத்தும்படி என்னிடம் கன்னடத்தில் சொன்னார். தங்கை போனதும் தமிழும் போயிற்று என்று எண்ணியபடி நான் தாழ்ப்பாளைப் போட்டேன். அவர் கட்டிலில் அமர்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கால்களை மேலே தூக்கி வைத்துக்கொண்டார்.

"ஏங்க, ஒரு வாய் காபிகூட குடிக்காம போயிட்டா பாருங்க."

என் கை தாழ்ப்பாளிலேயே நின்றது. இரண்டு வாக்கியங்களுக்கிடையே அந்த வீட்டில் வேறொன்றும் நிகழவில்லை. ஒரு செருப்பு கழற்றப்பட்டிருந்தது, அவ்வளவே.

நான் கட்டிலருகே சென்று, தரையில் அமர்ந்து, மெல்லக் கேட்டேன்.

"இப்பதான் கன்னடத்துல பேசின. ஏம்மா?"

"செருப்பு போட்டிருந்தேன்ல."

"அதுக்கு?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கவலை இருந்தது. என்னைப் பற்றிய கவலை. "வெளிய போனா கன்னடம்னு புள்ளைக்கு சொன்னேனே. உங்களுக்கும்தான் சொன்னேன். மறந்துட்டீங்களா?"

"இது வீடும்மா."

"வீடுன்னா அப்புறம் ஏன் செருப்பு போடச் சொல்றீங்க?"

இதற்கு விடை மேசைமேல் அடுக்கியிருந்த நூல்களில் இராது. அவை அனைத்தும், காலணியோடு வீட்டுக்குள் உலாவும் மக்களின் நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கே வாசற்படி ஒரு மரத்துண்டு. எங்களுக்கு அது வெறும் மரத்துண்டாக இருந்ததில்லை. அவ்வாசிரியர்கள் பொய் எழுதவில்லை. ஆனால் கால் எதை அணிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு நாக்கு முடிவு செய்யும் ஒரு வீட்டை அவர்கள் கண்டதில்லை. அதே வீட்டில் வாழ்ந்த நானும் காணவில்லை.

மருத்துவரிடம் அவர் கூறிய விடைகளும் இப்போது வேறு வடிவம் கொண்டன. இதே ஊர், இதே ஊர், கன்னடம். ஒரு சொல்லும் பிசகாமல், வாசற்படியில் எங்களுக்குக் கற்பித்த அதே வரிசை. மகன் உண்மையைச் சொல்லத் தொடங்கியதும், கிள்ளு விழுந்த இடமும் அதே தொடை. அந்த அறையில் அவர் எங்களைக் காத்துக்கொண்டிருந்தார்.

மகனோடு மீண்டும் அம்மருத்துவரிடம் சென்றோம். நான் நடந்ததைச் சொன்னேன். கேட்டதும் அவர் தாமே மண்டியிட்டு என் துணைவியாரின் செருப்பைக் கழற்றி, மேசைக்கடியில் ஒரு துண்டை விரித்து அதன்மேல் கால்களை வைத்தார்.

"அம்மா, நீங்க எந்த ஊரு?" என்று தமிழில் கேட்டார்.

துணைவியார் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். கிராமத்தின் பெயர், அதற்குப் போகும் வழி, ஏரிக்கரையின் புளியமரம் எல்லாம் வந்தன. மருத்துவர் முன்பு எழுதியதில் சிலவற்றை அடித்தார். ஆனால் கிழமை தெரியவில்லை, மாதம் தெரியவில்லை. எதிரே நின்ற மகனுக்குக் கல்யாணமாகிவிட்டதா என்று மருத்துவரிடமே அவர் கேட்டபோது, மகன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நோய் இருந்தது. நாங்கள் எண்ணிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

"அப்ப செருப்பே வேணாம்ப்பா. கழட்டியே இருக்கட்டும்" என்றான் மகன், வண்டியில் ஏறியதும்.

எனக்கும் அந்த ஆசை இருந்தது. இரண்டு நாட்கள் கழற்றியும் வைத்தோம். வீடு முழுவதும் தமிழ் கேட்டது. 'ஏங்க' எல்லா நீளங்களிலும் கேட்டது. மூன்றாம் நாள் அவர் கால் விரலின் அடியில் ஒரு கொப்புளம் கண்டேன். சூடான பாத்திரத்தை இறக்கி வைத்த இடத்தில் மிதித்திருக்கிறார், அவருக்குத் தெரியவில்லை. தடித்த காலுறை வாங்கி மாட்டினோம். சிவப்புத் தரையில் வழுக்கிச் சுவரைப் பற்றிக்கொண்டார். சர்க்கரை மருத்துவர் எங்கள் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, வருத்தத்தோடு, "பேச்சா காலான்னு என்னைக் கேட்டா, நான் கால்தான் சொல்வேன் சார்" என்றார்.

செருப்பு மீண்டும் வந்தது. வைட்ஃபீல்டுக்குப் போகவில்லை. மகனும் வற்புறுத்தவில்லை, சனிக்கிழமைதோறும் வருபவன், வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டுத் தாயின் காலைப் பார்ப்பான். பார்த்துவிட்டு, அதற்கேற்ற மொழியில் நலம் விசாரிப்பான்.

பகல் வேளைகளில் நானும் கன்னடத்தில் பேசலானேன். சொந்த வீட்டின் கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையே, யாரும் நம்மை அடையாளம் கண்டுகொள்ளாத ஒரு தெருவில் நடப்பதுபோல, இருவரும் தணிந்த குரலில் பேசி நடந்தோம். நான் ஒத்துழைத்ததில் அவருக்கு நிம்மதி என்பதை முகம் காட்டிற்று. நூல்களையும் விடவில்லை. அவென்யூ சாலைக்குப் போவது குறைந்ததே தவிர நிற்கவில்லை. ஆனால் எந்த அத்தியாயத்தைப் படித்தாலும், அதை எழுதியவர் வீட்டுக்குள் காலில் என்ன அணிந்திருப்பார் என்று ஒருமுறை எண்ணிவிட்டுத்தான் பக்கத்தைத் திருப்புவேன்.

மாலையில் விளக்கேற்றிய பின், கட்டிலோரம் அவரை அமர்த்தி, செருப்பைக் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் காலைக் கழுவித் துடைப்பேன். பாதத்துக்கடியில் ஒரு சிறு கண்ணாடியைப் பிடித்து, புதுக் காயம் ஏதுமுண்டா என்று பார்க்கும்படி சர்க்கரை மருத்துவர் சொல்லியிருந்தார். அந்நேரம் தமிழுக்குரியது. அன்று சொல்ல வைத்திருந்தவற்றையெல்லாம் அவர் அப்போது சொல்வார். "கால்ல என்ன தேடறீங்க, காசு விழுந்துடுச்சா?" என்று எள்ளுவார். ஊர்ச் செய்திகள், நான் அறியாத பகைகள், நான் மறந்த விருந்துகள். பாதி உண்மை, பாதி இடம் மாறியவை. நான் எதையும் திருத்தவில்லை.

தொடக்கத்தில் ஒரு பிழை நேர்ந்தது. ஒரு மாலை, எங்கள் மணத்துக்கு முன்னால் என்னைப் பார்த்துவிட்டு அவர் வீட்டார் ஊர் திரும்பிய நாளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தாம் கதவிடுக்கில் நின்று கேட்டதாகவும், என்னைப் பற்றித் தம் தந்தையார் ஒரு வார்த்தை சொன்னதாகவும் தொடங்கினார். நான் கைப்பழக்கத்தில், துடைத்த காலில் செருப்பை மாட்டிவிட்டேன். அவர் அந்த இடத்திலேயே நிறுத்தி, சன்னலைப் பார்த்தார். உதட்டில் விரல் வைத்துக்கொண்டார். மறுநாள் மாலை காலைக் கழுவியபடி, "அப்பா என்ன சொன்னாரு?" என்று கேட்டேன். "எந்த அப்பா?" என்றார்.

அதன்பின் நான் அவசரப்படவில்லை. கால் உலர்ந்த பிறகும் துண்டால் ஒற்றிக்கொண்டே இருப்பேன். அவர் பேச்சு ஒரு வாக்கியத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவும், நடுவே நிற்கும், நின்றது முடிவா, இடைவெளியா என்று தெரியாது. செருப்பு இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, அவர் வாயைப் பார்த்தபடி காத்திருப்பேன்.